மேசைக்கு அடியிலிருந்து வரும் பெயர்

குடிவந்த முதல் வாரமே அம்மா அதை எரித்துவிட்டாள்.

எரித்தது ஒரு துண்டு அப்பம், பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெய் போட்டுச் சுடுவது. சமையலறை அடுப்பை ஒட்டிய சுவரில், கருங்கல்லைக் குடைந்து செய்த சின்ன அலமாரி ஒன்று இருந்தது. பூட்டு கிடையாது. ஒரு மரக்கட்டையைத் திருப்பினால் கதவு திறக்கும். உள்ளே எலிப்புழுக்கை இருக்கும் என்று நினைத்து அம்மா கையுறை போட்டுக்கொண்டு திறந்தாள். சுத்தமாக இருந்தது. நடுத்தட்டில் சிவப்பு ஓரம் வைத்த வெள்ளைத் துணி. அதற்குள் முக்கோணமாக வெட்டிய ஓர் அப்பத்துண்டு. செங்கல் போல இறுகியிருந்தது. பூஞ்சை ஒரு புள்ளிகூட இல்லை.

“யாரு வச்சு மறந்தாங்களோ,” என்று சொல்லி விறகடுப்புக்குள் போட்டாள். வெண்ணெய் மணம் வீடெல்லாம் பரவியது, அப்போதுதான் சுட்டது போல. துணி நல்ல துணியாக இருந்ததால் துவைத்துக் கொடியில் போட்டாள்.

மறுநாள் பக்கத்துப் பண்ணை சொலாஞ் ஒரு கிண்ணம் முட்டையோடு வந்தார். ஐம்பத்தெட்டு வயது. பன்னிரண்டு மாடுகளும் ஃபெர்னான் என்ற கணவரும் அவருக்கு உண்டு. மாடுகளோடுதான் அதிகம் பேசுவார் என்று ஃபெர்னான் சொல்வார். முற்றத்தைக் கடக்கும்போதே சொலாஞின் கண் கொடியில் நின்றது.

“அந்தத் துணிக்குள்ள ஒண்ணு இருந்துச்சே, எங்க?”

அம்மாவின் பிரெஞ்சு அப்போது பாதிதான். ஆனால் இதற்குப் பெருமையாகப் பதில் சொன்னாள். “அடுப்புல போட்டுட்டேன். கவலைப்படாதீங்க, மூணு தடவை சோப்புப் போட்டுத் தேய்ச்சாச்சு.”

சொலாஞ் முட்டைக் கிண்ணத்தை வாசல்படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் பெயர் அலின். அவருடைய கணவர் லெயோன்ஸ் கொத்தனார். எங்கள் க்ரூஸ் மாவட்டத்தில் அந்தக் காலத்து ஆண்கள் பாதிப்பேர் கொத்தனார்கள். மார்ச்சில் பாரிஸுக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள், குளிருக்கு வீடு திரும்புவார்கள். லெயோன்ஸ் கல்யாணமான மறுவருஷம் போனவர், திரும்பவில்லை. கடிதமும் இல்லை, செத்ததாகச் சேதியும் இல்லை. ஒவ்வொரு ஜனவரியும், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் பண்டிகைக்கு அப்பம் வெட்டும்போது அலின் அவருக்கு ஒரு துண்டு எடுத்துத் துணியில் கட்டி அலமாரியில் வைப்பார். பழைய துண்டைக் கோழிக்குப் போட்டுவிடுவார்.

“ஊர்ல இல்லாதவங்க பங்கு அது,” என்றார் சொலாஞ். “அப்பம் காஞ்சு கெட்டியா கிடந்தா, ஆளு எங்கயோ சௌக்கியம். பூஞ்சை பூத்தா, ஆளுக்கு என்னமோ ஆச்சுன்னு அர்த்தம். அலின் சாகிற வரைக்கும் ஒரு தடவைகூடப் பூக்கல.”

“அப்ப மனுஷன் எங்கயோ ஜாலியாத்தான் இருந்திருக்காரு,” என்று அம்மா சிரித்தாள்.

சொலாஞும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. “அலினும் அதையேதான் சொல்லுவா. அந்த நாசமாப்போனவன் எவளோ ஒருத்தி வீட்டுல கொழுத்துக் கிடக்கான்னு. சொல்லிக்கிட்டே பெரிய துண்டாப் பாத்து வெட்டி வைப்பா.” எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டார். “அவளுக்குப் பிள்ளை இல்ல. அதனால மேசைக்கு அடியில உக்காந்து பேரு சொல்றதுக்கு என்னைத்தான் கூப்பிடுவா. வீட்டுல சின்னது யாரோ அது அடியில போகணும். மேல ஒவ்வொரு துண்டா காட்டி, இது யாருக்குன்னு கேப்பாங்க. அது சொல்ற பேருக்குத்தான் அந்தத் துண்டு.”

“உங்களுக்குப் பயமா இல்லையா, இல்லாத ஆளுக்குப் பேரு சொல்ல?”

“மேசைக்கு மேல இருந்தவரைக்கும் இல்ல,” என்றார் சொலாஞ்.

அந்த மேசை இப்போதும் எங்கள் சமையலறையில்தான் இருக்கிறது. கஷ்கொட்டை மரத்தில் செய்தது. சுவர் எழுப்புவதற்கு முன்பே உள்ளே வைத்தார்கள் போல, எந்தக் கதவு வழியாகவும் வெளியே போகாது. ஜன்னல் பக்கம் அம்மா. எதிரில் என் தம்பி வில்ஃப், அப்போது ஆறு வயது. சுவர் பக்கம் நான், எனக்கு வலப்புறம் அப்பாவின் நாற்காலி. அப்பா வடகடலில் காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் கப்பலில் வேலை செய்தார். மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் இங்கே. ஆகவே அந்த நாற்காலி பாதி நாள் காலியாக இருக்கும்.

இரண்டாம் வருஷ இலையுதிர் காலத்தில் அந்த நாற்காலியின் அடியில் சுண்ணாம்பு உதிர ஆரம்பித்தது. ஒரு கைப்பிடி இருக்கும், நாற்காலிக்கு முன்னால் மட்டும். காலையில் அம்மா பெருக்குவாள், மறுநாள் இருக்கும். அப்பா ஏணி போட்டு ஏறிப் பார்த்தார்.

“மேல முழுக்க மரம், லோர்னா. சுண்ணாம்பே இல்ல. எங்கருந்து கொட்டுது?”

“பழைய வீடுன்னா அப்படித்தான். நீதானே பழைய வீடு வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னே?”

வில்ஃப் மேசைக்கு அடியில்தான் எப்போதும் விளையாடுவான். பொம்மைக் கார்களை வரிசையாக ஓட்டுவான். அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் வந்ததும் எல்லாக் கார்களும் வளைந்து சுற்றிப் போகும்.

“நேரா போயேன்டா,” என்றேன் ஒரு நாள்.

“அங்க இடம் இல்ல.”

வில்ஃபோடு மட்டும்தான் நான் தாராளமாகப் பேசுவேன். அப்பா அம்மாவோடு தேவைக்குப் பேசுவேன். வெளியாட்கள் முன்னால் எனக்குத் தொண்டை பூட்டிக்கொள்ளும். ஊர் நடுநிலைப்பள்ளிக்கு எட்டு மாதம் போனேன். பிரெஞ்சு நன்றாகப் புரிந்தது, எழுதவும் வந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், அவ்வளவுதான். பையன்கள் நான் நிற்கிற நேரத்தை விரல்விட்டு எண்ணுவார்கள். அப்புறம் தினமும் காலையில் வயிறு வலித்தது. கடைசியில் அம்மா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள், நான் வீட்டோடு நின்றேன். சொலாஞ் என்னை “என் ஊமைக் கோழிக்குஞ்சே” என்று கூப்பிடுவார். ஒன்றரை வருஷத்தில் என் குரலை அவர் கேட்டதில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பாவால் வர முடியவில்லை. ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை காலையில் செய்தி வந்தது: ‘தியெப் துறைமுகத்துல கரை இறங்கிட்டேன். சாயங்காலம் சாப்பாட்டுக்கு வந்துடுவேன். சுண்டெலிக்கு பிஸ்கட் டப்பா இருக்கு.’ சுண்டெலி நான்தான்.

மதியம் மழை பெய்தது. விழுந்த இடத்திலேயே மழை கண்ணாடியாக உறைந்தது. கிளைகள் முறிந்து மின்கம்பிகளின் மேல் விழுந்தன. மின்சாரம் போயிற்று, பிறகு தொலைபேசியும் போயிற்று. அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. ஃபெர்னான் டிராக்டரில் மேயர் வீட்டுக்குப் போய், அங்கே வேலை செய்த ஒரே தொலைபேசியில் காவல்துறையைக் கேட்டுவிட்டு வந்தார். மாவட்டம் முழுக்க நாற்பது கார் பள்ளங்களில் கிடக்கிறதாம், வரிசையாகத்தான் பார்க்க முடியுமாம். அம்மா இரண்டு நாளும் உடை மாற்றவில்லை. கெட்டிலில் தண்ணீர் வைத்து வைத்துத் தேநீர் போட்டாள். ஒன்றையும் குடிக்கவில்லை.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு சொலாஞ் வந்தார். ரப்பர் பூட்ஸைக் கதவருகே கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்து, மேசை மேல் வட்டமான பாதாம் அப்பத்தை வைத்தார்.

“ஃபெர்னான் கஷ்கொட்டைத் தோப்பு ரோட்டுல மணல் போடப் போயிருக்காரு. ஒவ்வொரு பள்ளமா எட்டிப் பாத்துட்டுத்தான் வருவாரு. அதுவரைக்கும் இதை வெட்டுவோம். இன்னிக்குப் பண்டிகை.”

“என்னால சாப்பிட முடியாது சொலாஞ்.”

“சாப்பிடறதுக்கு இல்ல. நாம நாலு பேரு, வராதவருக்கு ஒண்ணு. அஞ்சா வெட்டுங்க. டெஸ்மண்டுக்குப் பங்கு வைக்கணும். வில்ஃப், என் கோசுக்குட்டி, அடியில போ.”

வில்ஃப் சந்தோஷமாக நுழைந்தான். அப்பத்துக்குள் ஒரு பீங்கான் பொம்மை ஒளிந்திருக்கும், அது கிடைப்பவருக்குக் காகிதக் கிரீடம் என்று அவனுக்குத் தெரியும். அம்மா ஐந்தாக வெட்டினாள். சொலாஞ் அப்பத்தைத் துணியால் மூடி, ஒரு துண்டின் மேல் விரலை வைத்தார்.

“இது யாருக்கு?”

“அம்மாவுக்கு!”

அம்மா சம்பிரதாயத்துக்கு ஒரு கடி கடித்தாள்.

“இது?”

“உங்களுக்கு! அடுத்தது எனக்கு! அப்புறம் ஹெட்டிக்கு!”

என் தட்டில் ஒரு துண்டு வந்தது. நான் தொடவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கு எதுவும் இறங்கவில்லை.

“இது யாருக்கு?” என்றார் சொலாஞ். கடைசித் துண்டு.

“சொல்லுடா செல்லம்,” என்றாள் அம்மா.

“இங்க இருக்கிறவருக்கு.”

“யாரு?”

“ஹெட்டி பக்கத்துல உக்காந்திருக்காரே அவருக்கு. வெள்ளை பூட்ஸ்காரருக்கு.”

என் வலப்புறம் அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. சொலாஞ் குனியவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“என்ன மாதிரி பூட்ஸ், கண்ணு?”

“பழசு. பொடி பொடியா ஒட்டியிருக்கு. ஒரு கயிறு அவுந்துபோயிருக்கு.”

“விளையாடாதே!” அம்மாவின் குரல் உடைந்தது. “அப்பாவுக்குன்னு சொல்லு. இப்பவே சொல்லு!”

“அப்பா இங்க இல்லையேம்மா,” என்றான் வில்ஃப், அழுவது போல. “இவருதானே இருக்காரு.”

சொலாஞ் அந்தத் துண்டை எடுத்துச் சிவப்பு ஓரத் துணியில் கட்டினார். அலமாரியைத் திறந்து வைத்து, மரக்கட்டையைத் திருப்பினார்.

“என்ன பண்றீங்க? அது டெஸ்ஸுக்கு!”

“இல்ல லோர்னா. அடியிலிருந்து வர்ற பேருதான் பேரு. அத்தனை வருஷமா அவனுக்குப் பங்கு வச்சா, அவன் பாட்டுக்கு எங்கயோ கிடந்தான். நீங்க எரிச்சீங்க, தேடிக்கிட்டு வந்துட்டான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் ஏழு வயசுல பாத்திருக்கேன் அந்த பூட்ஸை. ஒரே ஒரு தடவை. அந்த வருஷம் அலினுக்குக் காய்ச்சல், துண்டு வைக்க ரெண்டு நாள் பிந்திப்போச்சு.”

“சரி, அவனுக்கு வச்சாச்சு. டெஸ்ஸுக்கு இன்னொண்ணு எடுங்க.”

சொலாஞ் தட்டுகளைப் பார்த்தார். அம்மாவின் துண்டு கடிபட்டிருந்தது, அவருடையதும் அப்படியே. மேலே ஏறி வந்த வில்ஃப் தன்னுடையதை அழுதுகொண்டே பாதி தின்றிருந்தான். “கடிச்சதைப் பங்கு வைக்க முடியாது,” என்றார்.

கடிபடாத துண்டு ஒன்றுதான் இருந்தது. நான் என் தட்டை மேசையின் நடுவே தள்ளினேன். துணியால் மூடினேன். பிறகு நாற்காலியிலிருந்து வழுக்கிக் கீழே இறங்கினேன்.

அடியில் வெளியைவிடக் குளிராக இருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை. அம்மாவின் வீட்டுச்செருப்பு, சொலாஞின் கம்பளிக் காலுறை, வில்ஃபின் ஆடும் பாதங்கள். அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் ஒரு ஜோடி பூட்ஸ். தோல் வெடித்து, வெடிப்பெல்லாம் வெள்ளை. இடது காலின் கயிறு தரையில் கிடந்தது. பூட்ஸுக்கு மேலே சாயம்போன கால்சட்டை முழங்கால் வரை தெரிந்தது. அதற்கு மேல் மேசைப்பலகை. பூட்ஸின் முனைகள் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

பிறகு சொலாஞ், அவருடைய குரல் போலவே இல்லாத சின்னக் குரலில் கேட்டார்:

“இது யாருக்கு?”

வகுப்பில் விரல்விட்டு எண்ணுவார்களே, அது எனக்குக் கேட்டது. ஏழு. எட்டு. ஒன்பது.

“என் அப்பாவுக்கு,” என்றேன் பிரெஞ்சில், சத்தமாக. “டெஸ்மண்டுக்கு. ரோட்டுல எங்கயோ இருக்காரு. அவரு வீட்டுக்கு வரணும்.”

அவிழ்ந்த கயிறு தரையில் உரசியது. பூட்ஸ் மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. நெரிசலில் பக்கத்து ஆளுக்கு வழிவிடுவோமே, அப்படி.

நான் வெளியே வந்தபோது அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். சொலாஞ் கட்டிக்கொள்ளவில்லை. தட்டைப் பார்த்தபடி நின்றார்.

“அப்போ உனக்கு, கோழிக்குஞ்சே?”

“எனக்கு வேணாம்.”

ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

நாலரை மணிக்கு டிராக்டர் சத்தம் கேட்டது. ஃபெர்னான் அப்பாவைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்தார். கால் முறிந்து பக்கவாட்டில் வளைந்திருந்தது. கப்பலில் போட்டுக்கொள்ளும் குளிர்தாங்கும் உடை காரில் இருந்ததால்தான் உயிர் தப்பினார். தோப்பு வளைவில் கார் சறுக்கி மரங்களுக்கிடையே விழுந்திருக்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது.

“இவரு தானா ரோட்டோரம் வந்து கிடந்தாரு,” என்றார் ஃபெர்னான். “இல்லேன்னா நான் மணலைத் தூவிட்டு நேரா போயிருப்பேன். காலையிலயே ரெண்டு தடவை போனேன்.”

“தானா வரல,” என்றார் அப்பா. பற்கள் கிட்டித்துக்கொண்டிருந்தன. “ஒரு ஆளு ரெண்டு நாளா ரோட்டுல இப்படியும் அப்படியும் நடந்துக்கிட்டே இருந்தான். பள்ளத்துலருந்து பாத்தா கால் மட்டும்தான் தெரியும். வெள்ளை பூட்ஸ். கத்தினேன், கெஞ்சினேன், திட்டக்கூடத் திட்டினேன். காதுலயே வாங்கல. இன்னிக்கு மூணு மணிக்கு மேல இருக்கும், சட்டுனு நின்னான். திரும்பினான். என் பக்கம் முனையை வச்சு நின்னுக்கிட்டே இருந்தான். விட்டா போயிடுவான்னு தவழ்ந்து மேல வந்தேன். வந்து பாத்தா யாரும் இல்ல.”

சொலாஞ் என் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “ஊருக்கு வந்துட்டீங்க. உங்க பங்கை நீங்களே தின்னுங்க.” அப்பா தின்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

“சுண்டெலி எங்க?”

அவருடைய இடது கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். “இங்கதான்பா.”

“அட, ஆமா. இங்கதானே இருக்கே.” எல்லோரும் சிரித்தோம். காய்ச்சல் என்று நினைத்தோம்.

மார்ச்சில் அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைத்தாள். நான் அடுப்பருகில் நின்றிருந்தேன். “ஐயோ, மன்னிச்சுக்கோ செல்லம், என் புத்தி எங்கயோ இருக்கு,” என்று நாலாவதை எடுத்தாள். மே மாதத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை அப்படி நடந்தது. துணிக்கூடையோடு அவள் பின்னாலேயே நான் நிற்கும்போது மாடியைப் பார்த்து “ஹெட்டி!” என்று கூப்பிடுவாள். சந்தையில் ரொட்டிக்காரி அம்மாவிடம் மூன்று பேருக்கான ரொட்டியை நீட்டுவாள், அம்மா வாங்கிக்கொள்வாள். கோபத்தாலோ வெறுப்பாலோ யாரும் இதைச் செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டார்கள். யாரும் என்னைப் பார்க்கக்கூடாது என்று பள்ளியில் எத்தனை நாள் வேண்டியிருப்பேன். அப்போது ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.

ஜூனில் சொலாஞ் என்னை மாட்டுத் தொழுவத்தில் நிறுத்திக் கையைப் பிடித்தார். பிடிக்கும் முன் ஒரு கணம் தேடினார்.

“பங்கு இல்லாம மேசையில உக்காந்தவளாயிட்டே. அன்னிக்கே சொல்லியிருக்கணும், உங்கம்மா முகத்தைப் பாத்து வாய் வரல. அடுத்த ஜனவரி வரைக்கும் தாக்குப்பிடி. சத்தம் போடு. கதவை அடிச்சுச் சாத்து. தட்டைக் கீழ போடு. பேசு. எதையாவது பேசிக்கிட்டே இரு. பண்டிகைக்கு நானே வந்து ஆறா வெட்டச் சொல்றேன்.”

அதனால் பேசினேன். ஜாம் பாட்டில் சீட்டுகளைச் சத்தமாகப் படித்தேன். வானிலை சொன்னேன். கோழிகளுக்குப் பேர் வைத்து, கூப்பிட்டுத் திட்டினேன். அம்மா சில சமயம் தலையைச் சாய்த்துவிட்டு, “ஜன்னல் எங்கயோ சாத்தல போல,” என்பாள். வில்ஃப் மட்டும் ஒரு தடவையும் தவறவில்லை. ஆனால் அவன் இப்போது பள்ளிக்குப் போனான், மேசைக்கு அடியில் விளையாடுவது குறைந்துபோயிற்று.

என் வலப்புறத்து நாற்காலி இப்போது அப்பாவுடையது இல்லை. நொண்டும் காலை நீட்டிக்கொள்ள அவர் எதிர்ப்பக்கம் மாறிவிட்டார். அலமாரியில் துண்டு வைத்த பிறகும் அந்த நாற்காலியின் அடியில் சுண்ணாம்பு உதிர்ந்தது. அந்தப் பக்கம் பெருக்க அம்மாவுக்கு ஞாபகம் வருவதில்லை. ரொட்டிக் கூடை எங்கள் பக்கம் வருவதில்லை. நானும் பூட்ஸ்காரரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தோம்.

நவம்பரில் அப்பா சொன்னார்: “கிழக்கு மாடி அறையை வெள்ளையடிச்சு விருந்தாளிகளுக்கு விடலாம், லோர்னா. கோடையில இங்கிலீஷ்காரங்க வருவாங்க. சும்மாதானே கிடக்கு.”

அது என் அறை. நான் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், அவர் என் வாசலில் நின்று அளவு எடுத்தார்.

ஜனவரி வந்தது. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் சொலாஞ் பனியில் வழுக்கி இடுப்பில் அடிபட்டு வீட்டில் படுக்கையாகிவிட்டார். ஞாயிறு மதியம் ஃபெர்னான் அப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“ஏதோ சொல்லச் சொன்னா. ஆறா வெட்டணுமா, அஞ்சா வெட்டணுமா... மருந்து மயக்கத்துல உளறிக்கிட்டிருக்கா. உங்க கணக்குப்படி வெட்டுங்க,” என்று சொல்லிவிட்டு மாடு பார்க்கப் போனார்.

அம்மா நாலாக வெட்டினாள். “நமக்கு மூணு. லெயோன்ஸுக்கு ஒண்ணு.” அந்த ஒரு விஷயத்தில் இப்போது அவள் ரொம்பக் கண்டிப்பு.

“அம்மா, அஞ்சு,” என்றேன்.

“டெஸ், கதவை நல்லா சாத்துனியா?”

“அம்மா!” மேசையைத் தட்டினேன். அப்பா எழுந்து கதவை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார். “எனக்கு ஏழு வயசாச்சு, இதெல்லாம் சின்னப் பசங்க செய்யறது,” என்று வில்ஃப் முனகிக்கொண்டே அடியில் போனான்.

“இது யாருக்கு?”

“அம்மாவுக்கு.”

“இது?”

“அப்பாவுக்கு. அடுத்தது எனக்கு, அதுலதான் பொம்மை இருக்கும்.”

அம்மா சிவப்பு ஓரத் துணியைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டாள். “இது? பூட்ஸ்காரருக்குத்தானே? சொல்லு, ஆறிப்போகுது.”

எனக்கு வில்ஃபின் முகம் தெரியவில்லை. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். போன வருஷம் அவன் பார்த்ததைத்தான் சொன்னான். இந்த வருஷமும் பார்த்ததைத்தான் சொல்வான். அவரும் அங்கே இருந்தார், நானும் இருந்தேன். துண்டு ஒன்று.

“இரும்மா,” என்றான் வில்ஃப். “அவரு என்னமோ பண்றாரு.”

என் கணுக்காலில் ஏதோ பட்டது. கடினமாக, குளிர்ந்து. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை, பலமாக. என் கால் முன்னுக்கு நகர்ந்தது.

“ஹெட்டி காலைத் தன் பூட்ஸால தள்ளுறாரு. என் பக்கம் தள்ளுறாரு.” பிறகு எங்களிடம் இல்லாமல், அடியில் இருந்த வேறு யாரிடமோ கேட்டான்: “அவளுக்கா இது? நிஜமாவா?”

“இது ஹெட்டிக்கு,” என்றான் வில்ஃப்.

அம்மா நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். கையிலிருந்த துணி விழுந்தது. அப்பா பாதி எழுந்து, நொண்டும் கால் இடறி, மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“எவ்வளவு நேரமா இங்க உக்காந்திருக்கே?” என்று கேட்டாள் அம்மா. உதடுகள் வெளுத்திருந்தன.

நான் பதில் சொல்வதற்குள் அவள் மேசையைச் சுற்றி ஓடிவந்து என் தலையை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். துண்டைத் தின்றேன். ஓரத்தில் சுண்ணாம்பு ருசித்தது. பொம்மை அதில்தான் இருந்தது.

வில்ஃப் அடியிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வந்தான். ஒரு ஜோடி பூட்ஸ்.

“அவரு இதை விட்டுட்டுப் போயிட்டாரு.”

நிஜமான பூட்ஸ். தூக்கினால் கனத்தது. இரண்டு கயிறுகளும் ஒழுங்காகக் கட்டியிருந்தன. வில்ஃபுக்கு அப்போது கயிறு கட்டத் தெரியாது.

அம்மா எழுந்து அலமாரியைத் திறந்தாள். போன வருஷத்துத் துண்டை எடுத்து மேசை மேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். அப்பம் தெரியவில்லை. பச்சைப் பூஞ்சை அதை முழுக்க மூடியிருந்தது, பூனையின் முதுகு போல அடர்த்தியாக. எங்கள் வீட்டில் எதையும் வைத்திருக்காமல் வெளியே போடுகிறவள் அம்மா. அன்று அவள் அதை எரிக்கவில்லை. அப்படியே கட்டி, பூட்ஸையும் பக்கத்தில் வைத்து, கதவைச் சாத்தினாள்.

இரவில் பனி பெய்தது. மறுநாள் காலை சொலாஞிடம் இதைச் சொல்ல நானே கிளம்பினேன். பேச வேண்டியதை வழியெல்லாம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். கல்லறைத் தோட்டம் வழியாகப் போனால் குறுக்குவழி. எல்லாக் கற்களின் மேலும் ஒரு சாண் பனி, அலினின் கல் மேலும்தான். அதன் இடது பக்கத்தில், லெயோன்ஸுக்கென்று விட்டிருந்த இடத்தில் மட்டும் புல் தெரிந்தது. ஓர் ஆள் படுத்து எழுந்த அளவுக்கு, நீளவாக்கில், அங்கே பனி விழவில்லை. சுற்றிலும் காலடித் தடம் எதுவும் இல்லை.

பிறகு சொலாஞ் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“யாரு?” என்று உள்ளேயிருந்து கேட்டார்.

“நான்தான், ஹெட்டி,” என்றேன்.